அடுப்படி இல்லாதவளுக்கு அக்கா சொல்வது

லைஃப்ஸ்டைல் பக்கங்களைப் படிக்காதே என்று சொல்லமாட்டேன். நானே பல் டாக்டர் கிளினிக்கில் கிடைக்கும் பழைய மகளிர் இதழைக் கோலப் பக்கம்கூட விடாமல் படிக்கிறவள். ஒன்றை மட்டும் பழக்கிக்கொள். எந்தக் கட்டுரையாக இருந்தாலும், எழுதினவருக்கு அடுப்படி இருக்கிறதா, பாத்திரம் துலக்க ஆள் வருகிறதா, அவர் ஆபீஸ் எத்தனை மணிக்கு விடுகிறது என்று துப்பறிந்துகொண்டே படி. பாதி டிப்ஸ் அங்கேயே கழன்று விழுந்துவிடும்.

காலை நாலரைக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று ஒருத்தர் எழுதுகிறார். அவர் எட்டரைக்குப் படுக்கிறவராக இருக்கும். உனக்கு மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட், ராத்திரி பதினொன்றுக்கு விடுகிறார்கள். கேப் நாலு பேரை இறக்கிவிட்டு, நீ தங்குகிற தரமணி பி.ஜி. விடுதிக்கு வந்து சேரும்போது பன்னிரண்டாகிவிடும். நாலரைக்கு எழுந்தாயானால் சாயங்காலம் மானிட்டர் முன்னாலேயே சாமியாடுவாய். ஏழு மணி நேரத் தூக்கம் முக்கியம். ஒரு மணியிலிருந்து எட்டு மணி வரை உன் கணக்கு என்றால் வார லீவிலும் அதையே பிடித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கினால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. ரூம்மேட் காலை ஷிப்ட் என்றால் கண்ணுக்குக் கட்ட ஒரு கறுப்புத் துணி போதும், அதற்கு சண்டை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுக்கச் சமைத்துக் கண்ணாடி டப்பாக்களில் அடுக்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். பி.ஜி.யில் பன்னிரண்டு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ். நீ வைத்த தயிரை யார் சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்க சி.பி.ஐ.தான் வரவேண்டும். சமையலறையை எப்படி அழகாக்கலாம் என்று படித்து அலுத்தால் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படி. பெரிய வீட்டில் சமையலறை எந்த மூலையில் இருக்கிறது, அதில் வாழ்நாள் முழுக்க நிற்பவர்கள் யார் என்று கேட்கிற கதை. அதைப் படித்தபிறகு மாடுலர் கிச்சன் விளம்பரத்தை நீ பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

சாப்பாடு

பி.ஜி.க்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஏ.சி. இருக்கா, வைஃபை இருக்கா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நீ ராத்திரி பன்னிரண்டுக்கு வருகிறவள். "நைட் சாப்பாட்டை ஹாட்பாக்ஸ்ல எடுத்து வைப்பீங்களாக்கா?" என்று சமையல் செய்கிற அக்காவிடமே நேரில் கேள். ஓனர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எடுத்து வைக்கப்போவது அந்த அக்கா. ஊருக்குப் போய்வரும்போது அவருக்கும் ஒரு பாக்கெட் அதிரசம் வாங்கிவா. கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீதும், காலி செய்தால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்தால்கூடப் போதும்.

உன் ஷிப்டுக்கு முக்கியமான சாப்பாடு மத்தியானம் ஒரு மணிக்குத்தான். கிளம்பும் அவசரத்தில் அதை விட்டுவிட்டு எட்டு மணி பிரேக்கில் கேன்டீன் பரோட்டாவில் பழிதீர்த்துக்கொள்ளாதே. ஒரு மணிக்குச் சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்று உட்கார்ந்து சாப்பிடு. எட்டு மணிக்கு சுண்டலோ ரெண்டு இட்லியோ போதும். பன்னிரண்டு மணிக்கு மேல் தயிர்சாதமோ வாழைப்பழமோ வயிற்றுக்கு இதம்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு அநேகமாக எந்த பி.ஜி.யும் சம்மதிக்காது. கெட்டிலுக்குக் கேட்டுப் பார். அதை வைத்துக்கொண்டே ஒரு குடித்தனம் நடத்தலாம். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு சுவிட்சைத் தட்டு. கொதித்துத் தானாக அணைந்தபிறகு மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடு, முட்டை வெந்திருக்கும். பாலை மட்டும் அதில் காய்ச்சாதே, அடிப்பிடித்த வாசனை மாசக்கணக்கில் போகாது. கெட்டி அவலைக் கழுவித் தயிரில் ஊறப்போட்டு உப்பும் ஊறுகாயும் சேர்த்தால் அடுப்பே இல்லாத டிபன். பச்சைப்பயறை ஊறவைத்து வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடு. சென்னைப் புழுக்கத்தில் முளைவிட ஒரு நாள் போதும். அதே புழுக்கத்தில் கிருமியும் வளரும் என்பதால் சாப்பிடும் முன் கெட்டில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வடித்துவிடு.

அம்மா கொடுத்தனுப்புகிற பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புத் தொக்கு எல்லாவற்றையும் மறுக்காமல் வாங்கிக்கொள். "அங்க எல்லாம் கெடைக்கும்மா" என்று பந்தா காட்டிவிட்டு வந்தால் தண்ணீர் குர்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அழப்போவது நீதான்.

ஊரெல்லாம் கினோவா, சியா என்கிறார்கள். வாங்க வசதி இருக்கிறவர்கள் சாப்பிடட்டும், நன்றாகவே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதைக் கூழாகக் கரைத்து மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் வைத்துக் கொடுக்கிற தள்ளுவண்டி உன் தெருமுனையிலேயே நிற்கும். வியாபாரம் ஓடுகிற வண்டியாகப் பார்த்து, மத்தியானத்துக்குள் குடித்துவிடு. இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடு. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் நேர்மாறு, சத்து கூடுதலாகச் சேரும். நம் வீட்டில் உன் ஹீமோகுளோபின் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

டெலிவரி ஆப்பில் ஆர்டர் போடும்போது கடைசி ஸ்க்ரீன்வரை போய்ப் பார். இட்லி விலையோடு பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி எல்லாம் ஏறி நிற்கும். கடையில் எழுதிப்போட்டிருக்கும் விலையைவிட ஆப்பில் இட்லி விலையே கூடுதலாக இருப்பதும் உண்டு. மாதக் கடைசியில் கை கடித்தால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோடு ஆரம்பித்தது. ஆட்டோக்காரர்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கையில் ஃபைலோடு வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். நீயும் நில்.

வேலை

வேலையை உதறிவிட்டு உங்கள் கனவைத் தேடிப் போங்கள் என்று ஞாயிறு மலரில் யாராவது எழுதினால், அவருக்கு மாதாமாதம் வாடகை வருகிற வீடு ஏதாவது இருக்கிறதா என்று பார்.

உனக்கு முதலில் தெரியவேண்டியது சம்பளக் கணக்கு. ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 3,60,000 என்று போட்டிருந்தால் மாதம் 30,000 கையில் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம். கம்பெனி உனக்காகக் கட்டுகிற பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி என்று ஒரு 720 ரூபாயையும் அதிலேயே காட்டுவார்கள். 'வேரியபிள்' என்று பத்து சதவீதத்தை ஒதுக்கினால் 3,000 போச்சு. அது வருடக் கடைசியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். பிறகு உன் பங்கு பி.எஃப். 1,800. மிச்சம் 22,680. இன்சூரன்ஸ், தொழில்வரி போனால் 22,000 சொச்சம்தான் அக்கவுன்டில் விழும். "கைக்கு எவ்வளவு சார் வரும்?" என்று எச்.ஆரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்காமல் சேர்ந்துவிட்டுத்தான் உன் சிநேகிதி மாதம் பூராவும் புலம்புகிறாள்.

பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்று ஒரு நம்பர் தருவார்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான். வேலை மாறும்போது பழைய பணத்தை எடுத்து ஸ்கூட்டி வாங்க ஆசை வரும். ஐந்து வருட சர்வீஸுக்கு முன்னால் எடுத்தால் வரி கட்டவேண்டி வரலாம், சேர்ந்த வட்டிக் கணக்கும் அறுந்துபோகும். புது கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிடு. அந்த நம்பரை ஆதாரோடு, உன் சொந்த மொபைல் எண்ணோடு இணைத்து வை, ஆபீஸில் கொடுத்த சிம்மோடு வேண்டாம்.

பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து டிகிரிவரை எந்த ஒரிஜினலையும் கம்பெனியில் விட்டுவிட்டு வராதே. சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிவிடவேண்டும். வேலைக்கு முன்பணம், டிரெயினிங் டெபாசிட் என்று யார் கேட்டாலும் போனை வை. பணம் போய்விட்டால் சும்மா உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடு, சைபர் மோசடிக்கான எண் அது.

இதையும் கூச்சப்படாமல் தெரிந்துகொள். 2013-ல் வந்த சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும், பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்கவேண்டும். புகாரை எழுத்தில், நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அந்தக் குழுவில் யார் யார் என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கவேண்டும். சேர்ந்த முதல் வாரமே அதைத் தேடிப் பார். தேவைப்படக்கூடாதுதான். எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்தால் ராத்திரி கேப் ஏறுவதற்கும் ஒரு தைரியம்.

ஒரு நோட்டு போடு. இந்த வாரம் என்ன வேலை முடித்தேன், யார் என்ன கேட்டார்கள், என்ன புதிதாகக் கற்றேன் என்று வெள்ளிக்கிழமை நாலு வரி. கிளையன்ட் விவரம் எதுவும் வேண்டாம், ஆபீஸ் ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்புகிற வேலையும் வேண்டவே வேண்டாம். அப்ரைசலில் "இந்த வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்கும்போது எல்லோரும் விட்டத்தைப் பார்ப்பார்கள். உன்னிடம் நோட்டு இருக்கும்.

ஊர்

சென்னையில் கட்டாயம் பார்க்கவேண்டிய பத்து இடங்கள் என்று வருகிற பட்டியல்களை எழுதுகிறவர்களிடம் நிச்சயம் கார் இருக்கும். முட்டுக்காட்டில் முதலாவது, எண்ணூரில் இரண்டாவது என்று போடுகிறார்கள். உன் ரூமிலிருந்து நடக்கும் தூரத்தில் பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு அந்த ஒரு தடத்தை மட்டும் பார், போதும். மேம்பாலத்தின் மேல் ஓடுகிறது, ஜன்னலில் காற்று வருகிறது, டிக்கெட் ஒரு டீயை விட சல்லிசு. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று தவணை முறையில் வளர்ந்த பாதை.

ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்டேஷன்கள் அரண்மனை மாதிரிப் பெரிசு, ஆளே இருக்காது. இருட்டினபிறகு தனியாகப் படி ஏறி இறங்காதே. பெண்கள் பெட்டியில் ஏறு, இறங்கும்போது நாலு பேரோடு சேர்ந்து இறங்கு. ரொம்ப நேரமாகிவிட்டால் பஸ் பிடி. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். ஏதாவது என்றால் 181, பெண்களுக்கான உதவி எண் அது.

தரமணியிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வைத்து உருவானது. எழுபது எண்பது வருடத்துக்கு முந்தைய இதழ்களில் பெண்களுக்கு என்ன அறிவுரை சொன்னார்கள் என்று அங்கே கேட்டுப் படித்துப் பார். அந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவோ தேவலை என்பாய்.

கோட்டூர்புரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். வெயில் காலத்தில் பி.ஜி. ஃபேனுக்கடியில் வேகிறதற்கு அங்கே போய் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படி. சென்னையில் ஒரு தெருவும் அதன் தண்ணீர்ப் பஞ்சமும். இரண்டு பக்கெட்டுக்கு மேல் பிடிக்காதே என்று வாட்ச்மேன் சொன்னால் அதற்குப் பிறகு உனக்குக் கோபம் வராது. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும், 1977-லிருந்து நடக்கிறது, பத்து சதவீதத் தள்ளுபடி. முதல் நாள் சும்மா சுற்றிப் பார்த்துப் பட்டியல் போடு, வாங்குவதற்கு இன்னொரு நாள் போ.

திருமயிலைக்குக் காலையில் போ. கபாலீசுவரர் கோயிலையும் மாட வீதிகளையும் வெயில் ஏறுமுன் சுற்றிவிட்டு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸுக்குப் போ. சின்ன இடம், காத்திருக்கவேண்டும், நேரமானால் பொங்கல் தீர்ந்துவிடும். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் 1977-ல் திறந்த லைட்ஹவுஸ். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. மெரினா மணலில் கால்நோக நடப்பதற்கு முன் ஒரு தரம் மேலிருந்து பார்த்துவிடு. வங்கக்கடல் எந்தப் பக்கம், உன் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று ஊர் மொத்தமும் ஒரே பார்வையில் பிடிபடும்.

திருவல்லிக்கேணிக்கு ஒரு நாள் முழுசாகக் கொடு. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டினது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இன்றைக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. சாலையை விட்டு ஊருக்குள் போனால் பார்த்தசாரதி கோயில், வேலை தேடி வந்த ஆண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய மேன்ஷன்கள், 1948-லிருந்து இருக்கிற ரத்னா கஃபே. அங்கே இட்லி சாம்பாரில் முங்கித்தான் வரும், கேட்டால் மேலும் ஊற்றுவார்கள். சட்னியைத் தேடிக்கொண்டிருக்காதே. சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் இந்தப் பக்கமே வராதே, ரயிலில் நிற்க இடம் இருக்காது.

பூங்கா நகரில் இறங்கினால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் மிச்சமிருக்கின்றன. இன்ஜினியரிங் கைடுகளுக்கு நடுவில் துழாவவேண்டும். கடைக்காரர் சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பி. பக்கத்திலேயே இருக்கிற பார்க் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயிலில் அடுத்த நிறுத்தம் எழும்பூர், அங்கே மியூசியம் வளாகத்துக்குள்ளேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம்.

கடைசி ஸ்டேஷன் கடற்கரை. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போ, கொஞ்சம் முன்னாலேயே இறங்கி அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்தைத் தேடிப் பார். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் நம் மெட்ராஸிலிருந்துதான் வந்தது. நடத்தியவர் ஒரு பாதிரியார், அவர் கல்லறையும் அந்தத் தேவாலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தாதாரர்கள் எத்தனை நாடு தாண்டி இருந்திருப்பார்கள், யோசித்துப் பார். கேட் பூட்டியிருந்தால் காவலரிடம் தன்மையாகக் கேள், அப்போதும் முடியாது என்றால் இன்னொரு நாள்.

அங்கிருந்து பர்மா பஜார் பக்கம் நட. அறுபதுகளில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது, தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலில் திரும்பி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக உண்டானது அந்தக் கடைவீதி. அவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டெண்ணெய், பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வாங்கு. அவித்த முட்டையைக் கீறி வெங்காயமும் புளியும் திணித்துத் தருவது தனி, அதையும் கேள். "காரம் கம்மியாண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடு, நீ தாங்கமாட்டாய். கையில் சில்லறை வைத்துக்கொள், பையை முன்பக்கம் மாட்டிக்கொள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே, அந்த ஆரஞ்சுக் கறை எந்த சோப்புக்கும் போகாது.